பதக்கப் பரிசை நம்பி ரியூசனை நிறுத்தலாமா?

ஐயா, போன கிழமை ஒட்டுசுட்டானில் இருந்து மகளையும் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தீர்கள். வெளியில் ஆட்கள் காத்திருந்ததால் ஆறுதலாகக் கதைக்க முடியவில்லை. பிள்ளை மாகாண மட்டத்தில் ஈட்டி எறிதலில் முதலிடம். சர்வதேசப் பதக்கம் எடுத்தால் கோடிக்கணக்கில் கிடைக்குமாம், ரியூசனை நிறுத்திவிட்டு முழுநேரமும் மைதானத்தில் விடலாமா என்று கேட்டீர்கள்.

ரியூசனை நிறுத்த வேண்டாம். மைதானத்தையும் நிறுத்த வேண்டாம்.

முதலில் அந்தக் கோடிக் கதை. ஒலிம்பிக்கில் வென்றவருக்குச் சர்வதேச ஒலிம்பிக் குழு ஒரு சதமும் பரிசுப் பணமாகக் கொடுப்பதில்லை. கொடுப்பது அந்தந்த நாடுகள். 2016இல் நீச்சலில் வென்ற ஜோசப் ஸ்கூலிங்கிற்குச் சிங்கப்பூரில் 10 லட்சம் சிங்கப்பூர் டொலர் கிடைத்தது. அதிலும் ஐந்தில் ஒரு பங்கு பயிற்சிச் செலவுக்காக அவருடைய சங்கத்துக்குப் போனது. 2024 பாரிசில்தான் உலக மெய்வல்லுநர் சங்கம் முதன்முறையாகத் தங்கத்துக்கு 50,000 அமெரிக்க டொலர் கொடுத்தது. வெள்ளிக்கும் வெண்கலத்துக்கும் ஒன்றுமில்லை.

இலங்கைக்கு ஒலிம்பிக்கில் இதுவரை கிடைத்தது இரண்டே பதக்கம்: 1948இல் டங்கன் வைற், 2000இல் சுசந்திகா ஜயசிங்க. அந்தச் சுசந்திகாவே 2017இல் பணக் கஷ்டத்தால் பதக்கத்தை விற்கப் போவதாகச் சொன்னபோது எனக்கு நெஞ்சு கனத்தது. 2023இல் ஹாங்சோவில் தருஷி கருணாரத்ன 800 மீற்றரில் எடுத்தது, மெய்வல்லுநரில் 21 வருடத்துக்குப் பிறகு எங்கள் நாட்டுக்கு வந்த ஆசிய விளையாட்டுத் தங்கம். இவ்வளவு அரிதாக வருகிற ஒன்றை நம்பி ஒரு பிள்ளையின் பத்து வருடத்தை வைக்க முடியாது.

ஆனால் ஆசிய விளையாட்டில் இலங்கையின் முதல் தங்கத்தை எடுத்தவர் யார் தெரியுமா? யாழ்ப்பாணத்து நாகலிங்கம் எதிர்வீரசிங்கம். 1958, தோக்கியோ, உயரம் பாய்தல், 2.03 மீற்றர். அவர் அமெரிக்காவில் படித்துக்கொண்டே பாய்ந்தவர். பிறகு கோர்னெல் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டமும் எடுத்தார். பிள்ளைக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

அன்று அவளுடைய வலது கையைப் பார்த்தேன். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே தோல் காய்த்து, ஓரத்தில் வெடித்திருந்தது. மூங்கில் ஈட்டியில் பழகிய கை. பள்ளிக்கூடத்துக்கு முறையான ஈட்டி எப்போது வரும் என்று விளையாட்டு ஆசிரியரிடம் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை. ஆணிச் சப்பாத்து வாங்க உங்களிடம் காசு இல்லாவிட்டால் பழைய மாணவர் சங்கத்திடமும் கேட்கலாம்.

படிப்பில், ஓ/எல் (சாதாரணதரப் பரீட்சை) வரைக்கும் கணிதத்தையும் தமிழையும் விட வேண்டாம். ரியூசன் நேரத்தைக் குறைக்கலாம்: கிழமையில் மூன்று நாள் போதும், மற்ற நாட்கள் பின்னேரம் பயிற்சி. விளையாட்டில் தேசிய மட்டத்தில் சாதித்த பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழகத்தில் விசேட அனுமதி வழி இருக்கிறது. ஆனால் அவர்களும் உயர்தரப் பரீட்சையில் சித்தியடைய வேண்டும், அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். சப்ரகமுவ பல்கலைக்கழகத்தில் உடற்கல்விப் பட்டம் இருக்கிறது. உடற்கல்வி ஆசிரியராகக் கல்வியியற் கல்லூரி வழியும் உண்டு. பயிற்றுநராக வர விரும்பினால் கொழும்பில் தேசிய விளையாட்டு விஞ்ஞான நிறுவகம் டிப்ளோமா நடத்துகிறது. ஈட்டியில் அவள் எவ்வளவு தூரம் போனாலும் போகாவிட்டாலும் இந்தக் கதவுகள் பூட்டப்படாது.

அப்புறம், சான்றிதழ்கள். வலயம், மாகாணம், தேசியம் என்று எந்த மட்டமானாலும் மூலப் பிரதியை ஒரு கோப்பில் போட்டுப் பத்திரமாக வையுங்கள். நேர்முகப் பரீட்சையில் கேட்பது அதைத்தான்.

வருகிற சனிக்கிழமை அந்தச் சான்றிதழ்களையும் கொண்டு வாருங்கள். அன்று நாங்கள் கதைத்த நேரம் முழுதும் பிள்ளை வெளியே மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்தில்தான் நின்றாள். இந்த முறை உள்ளே கூட்டி வாருங்கள், அவளிடமே கேட்போம்.