தொண்டருக்கும் தூதரகத்துக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி வேண்டும்?

கேள்வி: அரசுப் பணத்தில் வெளிநாடு போகும் தன்னார்வத் தொண்டர்கள் அந்த அரசின் வெளியுறவுக் கொள்கைக்கு உழைக்க வேண்டாமா? இல்லையென்றால் மக்கள் வரிப்பணம் எதற்கு?

உழைக்கத்தான் வேண்டும். ஆனால் அந்த உழைப்பை வெளியுறவுத் துறை கேட்டு வாங்கக் கூடாது. கேட்ட அன்றே அது கெட்டுவிடும்.

1961 மார்ச் 1 அன்று அமெரிக்க அதிபர் கென்னடி ஓர் ஆணையில் கையெழுத்திட்டு, தொண்டர்களை வெளிநாடுகளுக்கு அனுப்பும் பீஸ் கோர் அமைப்பைத் தொடங்கினார். ('அமைதிப் படை' என்று தமிழாக்கினால் நம்மவர்களுக்கு வேறொரு படைதான் நினைவுக்கு வரும், பெயரை அப்படியே விட்டுவிடுகிறேன்.) அன்றைய வெளியுறவுச் செயலர் டீன் ரஸ்க் சொன்னதன் சாரம் இது: பீஸ் கோர் வெளியுறவுக் கொள்கையின் கருவியல்ல, கருவியாக்கினால், அந்தக் கொள்கைக்கு அதனால் கிடைக்கும் நன்மையே பறிபோய்விடும். வெளியுறவுத் துறையின் தலைவரே இப்படித் தன் கையைக் கட்டிக்கொண்டதுதான் இதில் விசேஷம்.

கட்டு வாய்ப்பேச்சோடு நிற்கவில்லை. தொண்டர்களுக்குத் தூதரக அதிகாரிகளுக்குள்ள சட்டப் பாதுகாப்போ சலுகைகளோ கிடையாது. கூடவே வேலை செய்யும் உள்ளூர்க்காரர் எப்படி வாழ்கிறாரோ, ஏறக்குறைய அப்படி வாழும் அளவுக்குத்தான் படித்தொகை. அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏவில் எப்போதாவது வேலை பார்த்தவர் தொண்டராகவே முடியாது. தொண்டராக இருந்து திரும்பியவரும் 5 ஆண்டுகளுக்குச் சிஐஏவில் சேர முடியாது. பலருக்கு இது மிகையாகத் தோன்றும். ஆனால் மொழி தெரிந்த ஒரு வெளிநாட்டு இளைஞர், சம்பளம் என்று சொல்லத்தக்க எதுவும் இல்லாமல், இரண்டு வருடம் ஒரு கிராமத்தில் தங்கினால் ஊரார் மனத்தில் முதலில் எழும் சந்தேகம் உளவாளியோ என்பதுதான். அதற்குச் சொல்ல ஒரு பதில் கையில் இருக்க வேண்டும்.

கட்டு அவிழ்ந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பொலிவியா உதாரணம். அங்கிருந்த அமெரிக்கத் தூதரகத்தின் பாதுகாப்பு அதிகாரி ஒருவர், நாட்டில் எதிர்ப்படும் வெனிசுலாக்காரர்களையும் கியூபாக்காரர்களையும் பற்றித் தகவல் சொல்லும்படி தொண்டர்களிடமும் கல்வி உதவித்தொகையில் வந்திருந்த ஓர் ஆய்வாளரிடமும் கேட்டது 2008 பிப்ரவரியில் வெளிவந்தது. அது தவறு, கொள்கைக்கு விரோதம் என்று அமெரிக்கத் தரப்பு சொன்னது. சொல்லி என்ன பயன்? உளவு பார்க்கிறார்கள் என்று அதுவரை ஆதாரமில்லாமல் பேசியவர்களுக்கு ஆதாரத்தைக் கையில் கொடுத்தாயிற்று. அதே ஆண்டு செப்டம்பரில் பொலிவியா அமெரிக்கத் தூதரை வெளியேற்றியது. தொண்டர்களும் நாட்டைவிட்டுக் கிளம்ப வேண்டியதாயிற்று. சில்லறைத் தகவலுக்கு ஆசைப்பட்டு முதலுக்கே மோசம் வந்த கதை.

இனி நடைமுறை. தொண்டரை அனுப்பும் முடிவு அவரை ஏற்கும் நாட்டின் கோரிக்கையில் தொடங்க வேண்டும். எந்த ஊர், எந்தப் பள்ளி, என்ன வேலை, பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ளப்போகும் உள்ளூர் ஊழியர் யார், தங்கும் வீடு எது என்பதையெல்லாம் ஆள் விமானம் ஏறுமுன் நேரில் போய்ப் பார்த்து உறுதி செய்ய வேண்டும். பீஸ் கோர் கணக்கு 27 மாதம்: முதல் 3 மாதம் பெரும்பாலும் உள்ளூர்க் குடும்பத்தோடு தங்கி மொழியும் வேலையும் பழகுவது, பிறகு 2 ஆண்டுப் பணி. அந்த 3 மாதத்தை வீண் செலவு என்று வெட்டினால், தொண்டர் தனக்குப் புரிந்த மொழி பேசும் நாலு பேரோடு மட்டும் பழகிவிட்டுத் திரும்பிவிடுவார்.

பெரும்பாலும் சறுக்குவது அந்த உள்ளூர் ஊழியர் விஷயத்தில்தான். பெயர் பட்டியலில் இருக்கும், ஆள் இருக்கமாட்டார். அல்லது ஆசிரியர் பணியிடம் காலியாக இருக்கும் பள்ளிக்குத் தொண்டர் வருவார். இலவசமாக ஆள் கிடைத்ததே என்று கல்வித் துறை அந்த இடத்தை நிரப்பாமலே விட்டுவிடும். இரண்டு வருடத்தில் தொண்டர் போனதும் அடுத்த தொண்டரைக் கேட்டுக் கடிதம் வரும். தூதரகம் இதை நல்லுறவுக்கு அடையாளம் என்று அறிக்கையில் எழுதும். உண்மையில் ஓர் உள்ளூர் ஆசிரியரின் வேலை பறிபோயிருக்கிறது.

தொண்டரால் வரும் தர்மசங்கடமும் உண்டு. 1961 அக்டோபரில் நைஜீரியாவின் இபாதான் நகரில் பயிற்சியில் இருந்த ஓர் இளம் தொண்டர், அங்குள்ள வாழ்க்கை நிலையை மட்டமாக வர்ணித்து ஊருக்கு ஓர் அஞ்சலட்டை எழுதினார். அட்டை தவறி விழுந்து மாணவர்கள் கையில் சிக்கியது. பிரதிகள் எடுத்துப் பல்கலைக்கழக வளாகம் முழுக்க விநியோகித்தார்கள். பெரிய கொந்தளிப்பு. எழுதியவர் நாடு திரும்பினார், ஆனால் திட்டம் நைஜீரியாவில் தொடர்ந்தது. ஒரு தூதர் இப்படி எழுதியிருந்தால் அது அரசின் குரலாகியிருக்கும். இளைஞர் எழுதியதால், ஒருவரின் பக்குவமின்மை என்று ஒதுக்க இடமிருந்தது. இடைவெளி அனுப்பும் நாட்டுக்கும் கவசம்தான். இதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

எல்லா நாடும் ஒரே அச்சில் போகவில்லை. ஜப்பான் 1965இல் தொடங்கிய இளைஞர் தொண்டர் திட்டம் அதன் வெளிநாட்டு வளர்ச்சி உதவியின் பகுதியாகவே நடக்கிறது. பிரிட்டனில் 1958இல் பிறந்த விஎஸ்ஓ என்ற தொண்டர் அமைப்பு அரசிடம் பணம் வாங்கினாலும் தனி அறக்கட்டளை; பள்ளி முடித்த இளைஞர்களோடு தொடங்கிப் பிறகு தொழில்திறன் உள்ளவர்களுக்கு மாறியது. ஜெர்மனியின் 2008ஆம் ஆண்டு 'வெல்ட்வெர்ட்ஸ்' திட்டம் அடிப்படையில் போகிறவர் கற்றுக்கொள்வதற்கான ஏற்பாடு. எனக்கு இந்தக் கடைசி வகையின் நேர்மை பிடிக்கும். 18 வயதுப் பிள்ளையை அனுப்பிவிட்டு 'வளர்ச்சிப் பணி' என்று பெயர் சூட்டத் தேவையில்லை.

வரிப்பணத்துக்கு என்ன பலன் என்ற கேள்விக்கு வருகிறேன். ஐநா வாக்கெடுப்பில் அந்த நாடு நம் பக்கம் கை தூக்கியதா என்று பார்ப்பது தப்பான அளவுகோல். வாக்குக்குக் காரணம் ஆயிரம் இருக்கும். திரும்பி வந்தவர்களில் எத்தனை பேர் அந்த மொழியை இன்னும் பேசுகிறார்கள், எத்தனை பேர் அந்தப் பிரதேசத்தைப் பற்றிய வேலையில் இருக்கிறார்கள், அதே ஊர் மறுபடி ஆள் கேட்டதா, கேட்டால் அதே வேலைக்கா வேறு வேலைக்கா என்று பாருங்கள். 2020 மார்ச்சில் கொரோனா வந்தபோது, 60க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து சுமார் 7,000 பீஸ் கோர் தொண்டர்களைச் சில நாட்களுக்குள் திரும்ப அழைத்தார்கள். அப்படி ஒரே இரவில் ஆள் கிளம்பிவிட்டால், மறுபடி பள்ளி திறக்கும்போது வகுப்பை நடத்த யார் இருக்கிறார் என்ற கேள்விக்கு ஒப்பந்தம் போடும்போதே ஒரு பெயர் எழுதியிருக்க வேண்டும்.