கருத்துக்கு முன் கணக்கு

கேள்வி: கோலாலம்பூரில் தமிழ் நாளிதழ் நிருபராக இருக்கிறேன். அரசியல் ஆய்வாளராகி, பிறகு நிறுவனமொன்றின் வியூகத் தொடர்புப் பிரிவுக்குப் போக ஆசை. எதை முதலில் கற்பது?
– வாசகி, செந்தூல்

பதில்: சாலுரான் (வாக்களிப்பு மையத்துக்குள் இருக்கும் தனித்தனி வாக்குப்பதிவுப் பிரிவு) வாரியாக வாக்குகளைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். கருத்துச் சொல்வது பிறகு. வாக்களிப்பு மையத்தில் வாக்காளர்களை வயதுப்படி பிரிக்கிறார்கள்: முதல் சாலுரானில் மூத்தவர்கள், கடைசியில் இளையோர். ஒவ்வொரு சாலுரானின் முடிவும் போராங் 14 என்ற வாக்கு எண்ணிக்கைப் படிவத்தில் பதிவாகி, வேட்பாளர்களின் முகவர்களுக்குப் பிரதி போகிறது. செய்தி சேகரிக்கப் போகும் கட்சி அலுவலகங்களிலேயே அதைக் கேட்டு வாங்கலாம்.

கணக்கு எளிது. முதல் சாலுரானில் 350 பேர் வாக்களித்து ஒருவருக்கு 210 விழுந்தால் 60 விழுக்காடு. கடைசிச் சாலுரானில் 400இல் 160 என்றால் 40. அந்த 20 புள்ளி இடைவெளியைப் பிடித்துக்கொண்டு, அடுக்குமாடி, தாமான் (வீடமைப்புப் பகுதி), கம்பம் (கிராமம்) என்று பத்து வாக்களிப்பு வட்டாரங்களிலாவது பாருங்கள். எல்லா இடத்திலும் தெரிந்தால்தான் அது வயதால் வந்த வேறுபாடு. தபால் வாக்குகளையும் முன்கூட்டிய வாக்குகளையும் இதில் கலக்காதீர்கள்.

பலர் சறுக்குவது ஒப்பீட்டில். 2018 தேர்தலுக்குச் சற்று முன்பு தீபகற்ப மலேசியாவில் தொகுதி எல்லைகள் மாறின. 2013 முடிவை அப்படியே பக்கத்தில் வைத்தால் வேறு ஊரோடு ஒப்பிட்டதாகிவிடும். 2018க்கும் 2022க்கும் இடையில் 18 வயது வாக்குரிமையும் தானியங்கிப் பதிவும் வந்து, வாக்காளர் பட்டியல் ஏறக்குறைய 1 கோடியே 49 லட்சத்திலிருந்து 2 கோடியே 12 லட்சமாகப் பெருகியது. வாக்கு கூடிய கட்சிக்கே விழுக்காடு குறைந்திருக்கலாம். இரண்டையும் எழுதுங்கள்.

தமிழ் வாசகர்களுக்கு எழுதுபவர் இன்னொன்றில் மிகக் கவனமாக இருக்க வேண்டும். மக்களவையின் 222 தொகுதிகளில் இந்தியர் பெரும்பான்மையாக உள்ளது ஒன்றுகூட இல்லை. இந்தியர் 25 விழுக்காடு உள்ள வட்டாரத்தில் ஒரு கட்சி 70 விழுக்காடு பெற்றது என்பதை வைத்து ‘இந்தியர் வாக்கு அவர்களுக்கே’ என்று எழுத முடியாது. அந்த 70 யாரிடமிருந்து வந்தது என்று போராங் 14 சொல்லாது. இந்தியர் அடர்த்தி கூடக்கூட அந்தக் கட்சியின் விழுக்காடும் ஏறுகிறதா என்று பல வட்டாரங்களில் பார்த்து, ‘அப்படித் தோன்றுகிறது’ என்ற அளவில் நிறுத்துங்கள். நம் சமூகத்தின் பெயரில் தவறான கணக்கு சொல்வது நம் பேரம் பேசும் பலத்தையே கெடுக்கும்.

கேள்வி: தொடர்புப் பிரிவில் நெருக்கடி அறிக்கை எழுதும்போது தமிழ் வடிவம் எப்போதும் தாமதமாகிறது. என்ன செய்யலாம்?
– வாசகர், பட்டர்வொர்த்

பதில்: மலாய் வடிவம் ஒப்புதல் பெற்ற பிறகு மொழிபெயர்க்கக் கொடுப்பதால்தான் தாமதம். அதற்குள் நாளிதழ்கள் தாங்களே மொழிபெயர்த்துவிடும்; உங்கள் சொல் அச்சில் வராது. முதல் அறிக்கையை ஐந்து வரியில் முடியுங்கள்: என்ன நடந்தது, எங்கே, எப்போது, என்ன செய்கிறோம், அடுத்த தகவல் எத்தனை மணிக்கு. இந்த ஐந்தும் கையில் கிடைத்ததுமே மலாய், ஆங்கிலம், தமிழ் ஆகிய மூன்று மொழியிலும் ஒரே நேரத்தில் எழுதத் தொடங்குங்கள். பெயர், எண், நேரம் ஆகியவை மூன்று வடிவங்களிலும் ஒன்றாக இருக்கிறதா என்று வேறொருவர் வாய்விட்டுப் படித்துச் சரிபார்க்கட்டும். தமிழ் வடிவத்துக்கு ஒப்புதல் தருபவர் யார், அவர் இல்லாவிட்டால் யார் என்பதை நெருக்கடிக்கு முன்பே எழுதி வைத்துவிடுங்கள்.

கேள்வி: ஒரு கட்சிக்கு ஆலோசனை சொல்லிக்கொண்டே அரசியல் ஆய்வும் எழுதலாமா?
– வாசகர், பிரிக்பீல்ட்ஸ்

பதில்: அந்தக் கட்சி போட்டியிடும் தேர்தலைப் பற்றி வேண்டாம். மற்றவற்றை எழுதினால், ஆலோசகர் என்பதைக் கட்டுரையின் முதல் பத்தியிலேயே அச்சிடச் சொல்லுங்கள்.