மவுஸும் சேர்ந்து நிற்கிறதா?

கேள்வி: பத்து வருடப் பழைய டெஸ்க்டாப். ஆன் செய்த அரை மணிக்குள் திரை அப்படியே உறைந்துவிடுகிறது. விண்டோஸை இரண்டு முறை புதிதாகப் போட்டும் பயனில்லை. என்ன செய்யலாம்?

பதில்: மூன்றாவது முறை விண்டோஸ் போடாதீர்கள். இரண்டு முறை போட்டும் போகாத கோளாறு பெரும்பாலும் ஹார்டுவேரில்தான் இருக்கும். அடுத்த முறை உறையும்போது மவுஸை அசைத்து, கேப்ஸ் லாக் விசையைத் தட்டிப் பாருங்கள்.

மவுஸ் நகர்கிறது, கேப்ஸ் லாக் விளக்கும் மாறுகிறது, ஆனால் எதுவும் திறக்கவில்லை என்றால் ஹார்ட் டிஸ்க்கைச் சந்தேகிக்கலாம். படிக்க முடியாத இடத்தை டிஸ்க் திரும்பத் திரும்பப் படிக்க முயலும். விண்டோஸ் அதற்காகக் காத்துக் கிடக்கும். முதலில் முக்கியமான கோப்புகளை வேறு டிஸ்க்கில் நகலெடுங்கள். அதற்கு முன் டிஸ்க் பிழைகளைத் தேடும் விண்டோஸின் செக்டிஸ்க்கை ஓட்டினால், சாகக் கிடக்கும் டிஸ்க் அதிலேயே போய்விடலாம். பிறகு டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில் 05 (பழுதாகி மாற்று இடம் தரப்பட்டவை), சி5 (படிக்க முடியாமல் நிலுவையில் உள்ளவை) ஆகிய இரு வரிகளின் கடைசி மதிப்பைப் பாருங்கள். சி5 பூஜ்யமாக இல்லையென்றால் டிஸ்க்கை மாற்றிவிடுங்கள். சுழலும் தட்டு இல்லாத எஸ்எஸ்டி டிஸ்க் போட்டால் வேகமும் கூடும். 05 மட்டும் சிறிதாக, ஏறாமல் இருந்தால் கண்காணித்தால் போதும். தகவல் கடத்தும்போது நேரும் பிழைகளைக் காட்டும் சி7 வரி மட்டும் நாளுக்கு நாள் ஏறினால், முதலில் டிஸ்க்கை மதர்போர்டுடன் இணைக்கும் சாட்டா கேபிளை மாற்றிப் பாருங்கள். அந்த எண் பழையபடி பூஜ்யத்துக்கு இறங்காது. ஏறுவது நின்றதா என்பதுதான் கணக்கு.

மவுஸ், விளக்கு இரண்டுமே அசையவில்லையா? அப்போது ராம் (நினைவகம்), எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் தரும் பெட்டி), மதர்போர்டு (எல்லாம் பொருந்தும் முதன்மைப் பலகை) என்ற வரிசையில் சோதித்துப் போங்கள். பலரும் சூட்டைத்தான் முதலில் குற்றம் சொல்வார்கள். சூடேறிய ப்ராசஸர் பொதுவாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதற்கும் மேல் போனால் அணைந்துவிடும்; உறைந்து நிற்பது குறைவு. தூசியை எப்படியும் துடைக்கத்தான் வேண்டும்.

மின் வயரைப் பிடுங்கிவிட்டு ராமைக் கழற்றி, தங்க நிற முனைகளை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, கிளிப் 'டக்' என்று பூட்டும்வரை அழுத்துங்கள். இரவில் ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருளை நான்கு சுற்று ஓட விடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் தேறவில்லை என்றுதான் அர்த்தம். இரண்டு ராம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுச் சோதித்தால் குற்றவாளி தெரிந்துவிடும்.

ராம் தேறினால், கம்ப்யூட்டர் வேலை செய்துகொண்டிருக்கும்போதே மல்டிமீட்டரால் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் மஞ்சள், கறுப்பு வயர்களுக்கு இடையே அளந்து பாருங்கள். 11.4 முதல் 12.6 வோல்ட்டுக்குள் இல்லையென்றால் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றுங்கள். அளவு சரியாக இருந்தாலும் சந்தேகம் முழுதாகத் தீராது. நொடிப்பொழுது சரிவுகளை மீட்டர் காட்டாது. முடிந்தால் வேறொரு எஸ்எம்பிஎஸ்ஸைப் பொருத்திப் பாருங்கள். அதன் பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். வயரைப் பிடுங்கிய பிறகும் உள்ளே ஷாக் அடிக்கும் அளவு மின்சாரம் தேங்கியிருக்கும்.

மதர்போர்டில் சிறு உருளைகளாக நிற்கும் கெப்பாசிட்டர்களின் தலை உப்பியிருந்தாலோ, அடியில் கசிந்திருந்தாலோ, அவற்றை மாற்றுவதைவிடப் புதிய கம்ப்யூட்டரே மேல்.