வெள்ளத்தில் செத்த மாடுகளுக்கு அரச நட்டஈடு எடுப்பது எப்படி? (மட்டக்களப்பு)

வீடு களுவாஞ்சிகுடியில், பட்டி வெல்லாவெளிப் பக்கம், மழையில் மாடுகள் செத்துவிட்டன, யாரிடம் போவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

கால்நடை வைத்தியர் பார்க்கும் முன் புதைக்காதீர்கள். மாடு செத்தது உண்மை, அதற்குச் சான்று இல்லை என்ற இடத்தில்தான் கோப்பு நின்றுவிடும். அன்றைக்கே கால்நடை வைத்திய அலுவலகத்துக்கும் கிராம சேவகருக்கும் சொல்லுங்கள். பட்டி நிற்கும் பிரிவு வேறு, வீடு இருக்கும் பிரிவு வேறு என்பதால் இரண்டு பக்கமும் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் ஒருவர் மற்றவரைக் கைகாட்டுவார்.

பாதை மூடி வைத்தியர் வர முடியாவிட்டால் ஒவ்வொரு மாட்டுக்கும் மூன்று படம் எடுங்கள்: காதுப்பட்டி இலக்கம், சூட்டுக்குறி, சுற்றுப்புறம் தெரிய முழு உடல். படத்தை உடனே வைத்தியருக்கு அனுப்பி, புதைக்கலாமா என்று கேளுங்கள். சம்மதம் கிடைத்ததும் காதுப்பட்டியைக் கழற்றிப் பத்திரப்படுத்துங்கள். மேட்டு நிலத்தில், கிணறு, வாய்க்காலுக்குத் தூரமாக, ஆறடிக் குழி, மேலே சுண்ணாம்பு. மூக்கு, வாய், மலவாய் வழியே இரத்தம் கசிந்திருந்தால் அந்த உடலில் கத்தி வைக்கவே கூடாது. அது அடைப்பானாக (அந்த்ராக்ஸ் நோய்) இருக்கலாம், மனிதருக்கும் தொற்றும்.

சாவுக்கான காரணம் என்ன என்று எழுதப்படுகிறது என்பதைக் கவனியுங்கள். அனர்த்த நட்டஈடு வெள்ளம், புயல், குளிரில் செத்தவற்றுக்கு. நோயில் செத்ததென்று எழுதினால் அந்தக் கணக்கில் சேராது. 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் நேரம் வடக்கு, கிழக்கில் மாடுகள் கூட்டமாகச் செத்தபோது, நோயா குளிரா என்ற கேள்விதான் முதலில் எழுந்தது. மாதிரிகளைப் பரிசோதித்த பிறகே குளிர் அதிர்ச்சி என்று முடிவானது. அதனால் எத்தனை மணிநேரம் நனைந்து நின்றன, எந்த வயது மாடுகள் முதலில் விழுந்தன என்று குறித்து வைத்து வைத்தியரிடம் சொல்லுங்கள்.

வெள்ளம் அடித்துக்கொண்டுபோன மாட்டுக்கு உடலே இருக்காது. அப்போது முன்பு எத்தனை நின்றன என்பதைக் காட்ட வேண்டும். பண்ணைப் பதிவு, கோமாரித் தடுப்பூசி போட்ட பதிவு, சினைப்படுத்தல் அட்டை, பால் சேகரிப்பு நிலையப் பற்றுச்சீட்டு எல்லாம் உதவும். பொலிஸில் ஒரு முறைப்பாடும் போட்டு வையுங்கள்.

பட்டி தகப்பன் பேரில், வங்கிக் கணக்கு மகன் பேரில், மகன் கட்டாரில் என்றால் பணம் இழுபடும். பதிவில் உள்ளவரின் அடையாள அட்டை, அவர் பேரிலேயே வங்கிப் புத்தகம் என்று ஒரே பெயராக இருக்கட்டும். உறவினர் மாடுகளும் உங்கள் பட்டியில் நின்றால் குறி வாரியாகத் தனித்தனியே எழுதுங்கள். ஒரு மாட்டுக்கு எவ்வளவு, எத்தனை மாடு வரை என்பது அந்தந்த அனர்த்தத்துக்கு வரும் சுற்றறிக்கையைப் பொறுத்தது. போன முறைத் தொகையை நம்பி இருக்க வேண்டாம்.

நட்டஈட்டு விண்ணப்பத்தைக் கொடுக்கும்போது, அதன் பிரதி ஒன்றில் பிரதேச செயலகத்தின் திகதி முத்திரை வாங்குங்கள். நட்டஈடு பெறுவோர் பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் பிரதேச செயலாளருக்கு எழுத்தில் மேன்முறையீடு, அரசாங்க அதிபருக்குப் பிரதி. அதற்கும் பதிலில்லை என்றால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, உங்கள் பெயர் ஏன் விடுபட்டது என்று கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் முடிவு தர வேண்டியது தகவல் அலுவலரின் கடமை.