அயனித் திரவத்தை நுண்துளைப் பொருளுக்குள் அடைத்தால் திரவமாகவே இருக்குமா, உறைந்துவிடுமா?

துளை எத்தனை நானோமீட்டர் என்று மட்டும் சொன்னால் இதற்குப் பதில் சொல்ல முடியாது. சுவர் எதனால் ஆனது என்பதையும் சொல்ல வேண்டும்.

அயனித் திரவமும் உப்புதான். சமையல் உப்பு உருக 801 டிகிரி செல்சியஸ் வேண்டும். இவை 100 டிகிரிக்குக் கீழேயே உருகிவிடும். இவற்றின் அயனிகள், அதாவது மின்சுமை ஏந்திய துகள்கள், பெரியவை, கோணல்மாணலானவை, அதனால் ஒழுங்காக அடுக்கிக்கொள்ள முடிவதில்லை.

முனைவர் பட்ட ஆய்வில் இப்படி ஒரு திரவத்தைச் சிலிக்காவோடு சேர்த்து ஜெல்லாக்கினேன். சில நாளில் கண்ணாடித் துண்டு மாதிரி இறுகியது. தொட்டால் விரலில் ஈரம் ஒட்டவில்லை. ஆனால் அதன் பெரும்பகுதி திரவம்தான். மின்கடத்தும் திறனும் வெறும் திரவத்தில் இருந்ததைவிடச் சற்றுதான் குறைந்தது. அப்புறம் அதைக் குளிர்வித்து, அது வெளிவிடும் வெப்பத்தை அளந்தேன். வெறும் திரவம் உறையும்போது வரைபடத்தில் கூராக எழும் முகடு, ஜெல்லில் காணவே இல்லை. மாதிரியைக் குறைவாக எடுத்துவிட்டேனோ என்று மூன்று முறை திரும்ப அளந்தேன். அப்போதும் வரவில்லை.

காரணம் இதுதான்: படிகம் வளர இடம் வேண்டும். சில நானோமீட்டர் துளையில் அயனிகளில் பெரும் பங்கு சுவரோரமே நிற்கிறது, நடுவில் வரிசை கட்ட ஆள் போதவில்லை. 2014ல் கியோட்டோ ஆய்வாளர்கள் இசட்.ஐ.எஃப்-8 என்ற உலோக-கரிமச் சட்டகத்துக்குள் (உலோக அயனிகளைக் கரிம மூலக்கூறுகள் இணைத்துக் கட்டிய நுண்துளைப் பொருள்) இமிடசோலியம் வகை அயனித் திரவம் ஒன்றை அடைத்தார்கள். மைனஸ் 150 டிகிரி வரை அது உறையவில்லை.

இப்போது சுவரை மாற்றிப் பாருங்கள். 2007ல் ஷாங்காய் ஆய்வாளர்கள் இன்னொரு இமிடசோலியம் திரவத்தைக் கார்பன் நானோகுழாய்க்குள் செலுத்தினார்கள். வெளியில் 6 டிகிரியிலேயே உருகும் அது, குழாய்க்குள் படிகமாகி 200 டிகிரிக்கு மேல்தான் உருகியது! முதன்முதலில் படித்தபோது அச்சுப்பிழை என்றே நினைத்தேன்.

கார்பன் சுவருக்கு இன்னொரு குணமும் உண்டு: அது மின்சாரம் கடத்தும். ஒரே மின்சுமை உள்ள இரண்டு அயனிகள் ஒன்றையொன்று தள்ளும் விசையை அது மங்கச் செய்கிறது. அதனால் அவை நெருங்கி நிற்க முடிகிறது. மிகச் சிறிய துளையில் அயனி நுழையாது, துளைச் சுவரோரம் அயனிகளைச் சேர்த்து மின்சாரத்தைச் சேமிக்கும் சூப்பர் கெப்பாசிட்டருக்கு அது வீண் என்றுதான் முன்பு நினைத்தார்கள். 2008ல் துலூஸ், ஃபிலடெல்ஃபியா குழுக்கள் அளந்தபோது, துளை ஏறக்குறைய அயனியின் அளவே, அதாவது சுமார் 0.7 நானோமீட்டர் இருக்கும்போதுதான் மின்தேக்கம், அதாவது மின்சுமையைச் சேமிக்கும் திறன், உச்சத்தைத் தொட்டது. இந்தத் துறையிலேயே எனக்கு மிகவும் பிடித்த முடிவு இது.

நீங்களே செய்து பார்ப்பதாக இருந்தால் ஒன்று சொல்கிறேன். ஜெல்லை வெற்றிடத்தில் சூடாக்கி, நீர் முழுவதும் போன பிறகே அளவெடுங்கள். சிலிக்காச் சுவரும் நீரை இழுக்கும், இந்தத் திரவங்களில் பலவும் இழுக்கும். மிச்சமிருக்கும் நீர் உறைநிலையையும் பாகுநிலையையும் மாற்றிவிடும். நான் அதைக் கவனிக்காமல் ஒரு மாதம் எடுத்த அளவுகளை அப்படியே ஒதுக்க வேண்டியதாயிற்று.