அண்ணன் வருகிறார், இரணைமடுவில் மூன்று நாள்: நகையை அடைவு வைக்கலாமா?

கேள்வி: நான் கோப்பாயில் இருக்கும் ஆசிரியை. கணவர் மோட்டார் சைக்கிள் உதிரிப்பாகக் கடையில் வேலை செய்கிறார். இருவருக்குமாக மாதம் 145,000 ரூபாய் கைக்கு வருகிறது. இரண்டு பிள்ளைகள். நிலையான வைப்பில் 600,000 ரூபாய் 8 வீத வட்டிக்குக் கிடக்கிறது. இந்த டிசம்பரில் முதிரும். ரொறன்ரோவில் இருக்கும் அண்ணன் குடும்பம், ஐந்து பேர், ஓகஸ்டில் வருகிறது. அங்கே கோடை விடுமுறையென்றால் ஏதாவது ஏரிக்கரையில் கூடாரம் போட்டுத் தங்குவார்களாம். எங்கள் அப்பப்பா வயல் செய்த கிளிநொச்சி இரணைமடுக் குளத்துப் பக்கமும் அப்படி மூன்று நாள் தங்க வேண்டும் என்று மருமக்கள் கேட்கிறார்கள். சின்ன வயதில் எங்களையும் அப்பா ஓகஸ்ட் லீவுக்கு அங்கேதான் கூட்டிப்போவார். கணக்குப் பார்த்தால் 320,000 ரூபாய் வருகிறது. நகையை 14 வீத வட்டிக்கு அடைவு வைக்கவா, வைப்பை உடைக்கவா? அப்பப்பாவின் இரண்டு ஏக்கரில் சின்ன வீடு கட்டுவோம், பாதிக் காசு நீ போடு என்றும் அண்ணன் சொல்கிறார்.

பதில்: பொங்கல் முடிந்த கையோடு கேட்டிருக்கிறீர்கள், நல்லது. ஓகஸ்டுக்கு இன்னும் ஏழு மாதம் இருக்கிறது. என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் நல்லூர்த் திருவிழாவுக்குக் கொடி ஏறிய பிறகு, நகையைக் கையில் வைத்துக்கொண்டுதான் இதே கேள்வியைக் கேட்பார்கள்.

அடைவு வேண்டாம். 320,000க்கு 14 வீதம் என்றால் வருடத்துக்கு 44,800 ரூபாய். உங்கள் வைப்பு வருடம் முழுக்கக் கிடந்து தருவது 48,000. அதிலும் 2025 ஏப்ரலில் இருந்து 10 வீதத்தை வரியாகப் பிடித்துக்கொண்டுதான் வங்கி தருகிறது, மிச்சம் 43,200. வைப்பு உழைப்பது முழுக்க அடைவுக்கே போய், அதற்கும் மேலே கையிலிருந்து 1,600 போடவேண்டி வரும். (வட்டியும் சேர்த்து உங்கள் வருட வருமானம் 1,800,000ஐத் தாண்டாவிட்டால், வரி இலக்கத்தோடு சுயபிரகடனப் படிவத்தை வங்கியில் கொடுங்கள், அந்த 10 வீதத்தைப் பிடிக்கமாட்டார்கள். பயணம் போனாலும் போகாவிட்டாலும் இந்த வேலையைச் செய்யுங்கள்.) வைப்பை இடையில் உடைத்தால் வங்கி வட்டியைக் குறைத்துக் கணக்குப் பார்க்கும். அதையும் தொடவேண்டாம்.

அப்போ காசு எங்கிருந்து? முதலில் அந்த 320,000ஐப் பார்ப்போம். வான் 75,000, சாப்பாடு 60,000, நான்கு கூடாரம் 90,000, பாய், கதிரை, அடுப்பு 35,000, எல்லோருக்கும் உடுப்பு 40,000, அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் அன்பளிப்பு 20,000 என்று எழுதியிருக்கிறீர்கள். வருடா வருடம் கூடாரம் போடுகிற குடும்பத்துக்கு நீங்கள் ஏன் கூடாரம் வாங்குகிறீர்கள்? அவர்களுடைய வீட்டில் அது மடித்து வைத்தபடி கிடக்கும். பயணப் பெட்டியில் சொக்கிளேற்றைக் கொஞ்சம் குறைத்தால் இரண்டு கூடாரத்துக்கு இடம் வரும். உங்கள் பிள்ளைகளும் மருமக்களோடுதான் படுக்க ஆசைப்படுவார்கள். உடுப்பு 40,000ஐயும் அன்பளிப்பு 20,000ஐயும் வெட்டிவிடுங்கள். கதிரையும் வேண்டாம், பாயும் அயல்வீட்டில் கேட்கிற ஒரு பெரிய கிடாரமும் போதும். சாப்பாட்டை 45,000க்குள் முடிக்கலாம். குளத்து விராலும் எருமைத் தயிரும் இருக்கும்போது யாழ்ப்பாணத்தில் இருந்து பிரொயிலர் கோழியைப் பெட்டியில் கட்டிக்கொண்டு போகத் தேவையில்லை. பாய், விறகு, சில்லறைச் செலவுக்கு 10,000. வானோடு சேர்த்து 130,000 ரூபாய்.

இனி உங்களுக்குக் கஷ்டமான பகுதி. அதில் பாதி அண்ணனுடையது. 65,000 அவர், 65,000 நீங்கள். மாதம் 9,500 ரூபாயைச் சம்பளம் வந்த அன்றே தனிக் கணக்கில் போட்டால் ஏழு மாதத்தில் 66,500.

"அண்ணாவிடம் எப்படிக் காசு கேட்பது?" என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. வெளிநாட்டில் இருந்து வருகிறவர் விருந்தாளி, அவரை ஒரு சதம் செலவழிக்க விட்டால் நமக்கு மானக்கேடு என்று நினைக்கிறோம். அவரோ இங்கே எல்லாம் மலிவு, தங்கச்சி சமாளித்துவிடுவாள் என்று நினைத்துக்கொண்டிருப்பார். இரண்டு பக்கமும் வாய் திறக்காது, நடுவில் நகை போகும். நானும் அப்படிப் போனவன்தான். லண்டனில் இருந்து வந்த ஒன்றுவிட்ட அண்ணன் குடும்பத்தை வவுனிக்குளம் கூட்டிப்போக மனைவியின் இரண்டு காப்பை வைத்தேன். மீட்கப் பதினான்கு மாதம் எடுத்தது. நான் காப்பு வைத்தது அந்த அண்ணனுக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்திருந்தால் அந்த மனிதர் அன்றே காசைத் தந்திருப்பார். அதனால் வாட்ஸ்அப்பில் ஒரு கணக்கை மட்டும் அனுப்புங்கள்: வான் இவ்வளவு, சாப்பாடு இவ்வளவு, உங்கள் பங்கு இவ்வளவு, கூடாரம் நீங்கள் கொண்டு வாருங்கள். விளக்கம், மன்னிப்பு ஒன்றும் வேண்டாம். அவர் காசை உண்டியலில் (வங்கிக்கு வெளியே ஆட்கள் மூலம் கைமாற்றுகிற வழியில்) அனுப்பாமல் வங்கி வழியாகவே அனுப்பட்டும். காணி விஷயத்தில் பின்னால் அந்தப் பற்றுச்சீட்டுகள் தேவைப்படும்.

காணிக்கு வருவோம். வீட்டுக்குக் காசு போடுவதை இந்த வருடம் மறந்துவிடுங்கள். அது என்ன காணி என்று இன்னும் உங்களுக்கே தெரியாது. யாழ்ப்பாணத்தில் சனநெருக்கமும் வேலையில்லாத் திண்டாட்டமும் கூடியபோது, 1936இல் குடியேற்றத் திட்டமாகத் தொடங்கிய ஊர் கிளிநொச்சி. அப்படிப் போனவர்களுக்கு அரசாங்கம் கொடுத்த காணி பெரும்பாலும் 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்த பேர்மிட் (அனுமதிப்பத்திர) காணி. அதை நம் விருப்பத்துக்குப் பிரிக்கவோ விற்கவோ முடியாது. பிரதேச செயலகத்தின் அனுமதி வேண்டும். அப்பப்பா பின்னுரித்தாளராக, அதாவது தனக்குப் பின் காணி போகவேண்டியவராக, யாரைப் பதிந்தார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அது உங்கள் அப்பாவாக இல்லாமல் பெரியப்பாவாக இருந்தால் நீங்கள் கட்டுகிற வீடு அடுத்தவர் காணியில் நிற்கும். அது உறுதி எழுதிய சொந்தக் காணியாக, பிரிக்காத முதுசமாக (பரம்பரைச் சொத்தாக) இருந்தால் வேறு கதை. யாழ்ப்பாணத் தமிழரின் வழக்குச் சட்டமான தேசவழமைப்படி ஒரு பங்காளி தன் பங்கை விற்கும்போது மற்றப் பங்காளிகளுக்கு முன்வாங்கும் உரிமை உண்டு, அவர்களுக்கு அறிவித்தல் கொடுக்கவேண்டும்.

அண்ணன் கனடியக் குடியுரிமை எடுத்து, இரட்டைக் குடியுரிமை எடுக்காமல் இருந்தால் 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பொதுவாக அவர் பெயருக்கு இங்கே காணி எழுதமுடியாது. வாரிசுரிமையாக வருவதற்கு விலக்கு உண்டு, விலைக்கு வாங்குவதற்கு இல்லை. அப்போது "உன் பெயரில் எழுது, காசு நான் தருகிறேன்" என்று வரும். அன்பாகத்தான் சொல்வார். எழுத்தில் ஒன்றும் இல்லாமல் அதற்கு ஓம் சொல்லாதீர்கள். நல்ல நொத்தாரிசு ஒருவரிடம் முதலில் இருவருமாகப் போய்க் கதையுங்கள்.

வேர் தேடுவதற்குச் செலவழிக்கத்தான் வேண்டும் என்றால், சிறிய தொகையைக் கடதாசிகளுக்குச் செலவழியுங்கள். அப்பப்பாவின் மரணச் சான்றிதழ், அப்பாவின் பிறப்புச் சான்றிதழ், பேர்மிட்டின் பிரதி அல்லது காணிப் பதிவகத்தில் உறுதியின் பிரதி. அங்கத்தைய விதானையாரையும் (கிராம அலுவலரையும்) சந்தியுங்கள். போகவர பஸ் காசும் கட்டணங்களும் சேர்ந்தாலும் ஒரு கூடாரத்தின் விலைக்கு வராது. மருமக்களுக்கும், அப்பப்பாவின் பெயர் எழுதிய ஒரு பழைய தாளைக் கையில் தந்தால் அது வீட்டை விடப் பெரிய விஷயம்.

இரண்டொரு நடைமுறை விஷயம். ஓகஸ்டில் சிறுபோக நெல்லுக்குத் தண்ணீர் போய் இரணைமடு வற்றியிருக்கும். நிறைகுளத்தை எதிர்பார்க்க வேண்டாம் என்று மருமக்களிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். அணைக்கட்டிலோ கரையிலோ இரவு தங்கவேண்டாம். வன்னிக் குளங்களில் முதலை உண்டு, யானையும் வரும். மிதிவெடி எச்சரிக்கைப் பலகை உள்ள பக்கம் பகலில்கூடப் போகாதீர்கள். கிளிநொச்சியில் சொந்தக்காரர் வளவு இருந்தால் கூடாரத்தை அங்கே போட்டு, பகலில் குளத்துக்குப் போய்வாருங்கள். தங்குகிற செலவும் இல்லை. வானை இப்போதே பேசி வையுங்கள். நல்லூர்த் தேரும் தீர்த்தமும் வருகிற வாரத்தில் வாடகை ஏறும். திருவிழாக் கூட்டம் இல்லாத ஒரு செவ்வாய் புதனாகப் பார்த்தால் அந்த 75,000மே இன்னும் இறங்கும்.