ரேடியேஷன் தடுக்குற பென்டன் 4,500 ரூவா, வாங்கலாமா?

கேள்வி: அண்ணே, நாங்க நுவரெலியா பக்கம் தோட்டத்துல இருக்கோம். ஞாயித்துக்கெழம டவுன்ல ஒருத்தர் கருப்பு பென்டன் ஒண்ணு விக்கிறாரு, நெகட்டிவ் அயன் வருமாம், ஃபோன் டவர் ரேடியேஷன், மலையில இருக்குற ரேடியேஷன் எல்லாத்தயும் தடுக்குமாம். சின்ன மீட்டர் ஒண்ண கிட்ட புடிச்சா நம்பர் கிடுகிடுனு ஏறுது. தங்கச்சி முழுகாம இருக்கா, அவளுக்கு வாங்கலாமானு அம்மா கேக்குறாங்க.

பதில்: வேணவே வேணாம் தம்பி. மலையில கொஞ்சம் கூடங்கிறது மட்டும் பொய்யில்ல, வானத்துல இருந்து வர்ற காஸ்மிக் கதிர காத்துதான் மறிக்குது, நுவரெலியா 1,868 மீட்டர் ஒசரம், தலைக்கு மேல காத்து கொறச்சல், அதனால கொழும்ப விட கொஞ்சம் கூட வரும். மண்ணு, பாறை, ஏன் நம்ம ஒடம்புல இருக்குற பொட்டாசியம்கூட கதிர் விடுது. எல்லாம் சேத்து உலக சராசரி வருஷத்துக்கு 2.4 மில்லிசீவர்ட் (ஒடம்புல படுற கதிர அளக்குற அளவு), அதுல பாதிக்கிட்ட மண்ணுல இருந்து கெளம்பி வீட்டுக்குள்ள தங்குற ரேடான் வாயு, குளிருக்கு காம்பரா ஜன்னல பூட்டியே வைக்காம பகல்ல தொறந்து விடுங்க, அடுப்புப் பொகைக்கும் நல்லது. வயித்துக்கு எக்ஸ்ரேயால எடுக்குற ஒரு சீட்டி ஸ்கேன் எடுத்தாலே 8, 10 மில்லிசீவர்ட் வரும். (புள்ளைய பாக்குற ஸ்கேன் வேற, அது வெறும் ஒலி, பயப்படாம எடுக்கச் சொல்லுங்க.)

கேரளாவுல கருநாகப்பள்ளி கடக்கரையில தோரியம்ங்கிற, தானா கதிர் விடுற உலோகம் கலந்த மண்ணுமேலயே சனம் குடியிருக்கு, வருஷக்கணக்கா ஆராஞ்சும் அதனால புத்துநோய் கூடினதா தெரியல. அதுக்காக கொஞ்சூண்டு கதிர்னா ஆபத்தே இல்லனும் யாரும் எழுதித் தரல, தேவையில்லாம வாங்கிக்காதங்கிறதுதான் பல நாட்டுலயும் இருக்குற விதி.

இப்ப அந்த மீட்டருக்கு வருவோம். இந்த மாதிரி சாமான்ல அயன் (மின்சாரம் ஏறுன அணு) வரணும்னு தோரியம் கலந்த மோனசைட்ங்கிற தாதுத் தூள போடுறாங்க, அது விடுற கதிர் பட்டுத்தான் காத்துல அயன் உண்டாகுது. அப்பிடி இருந்தா நம்பர் ஏறுறதே பென்டன் ரேடியேஷன் விடுறதாலதான்! 2021 டிசம்பர்ல நெதர்லாந்து அரசாங்கம் இப்பிடி 10 சாமான சோதிச்சு, கதிர் அளவு கொறச்சல்தான், ஆனா ராவும் பகலும் தோல்ல ஒட்டிக்கிட்டே கெடந்தா கேடு, போடாதீங்கனு சொல்லிச்சு. டவர்ல வர்றது ரேடியோ அலை, ஜாதியே வேற. பென்டன மாட்டிக்கிட்டு அந்த யாவாரிக்கே ஒரு கோல் எடுங்க, தடுக்குதுனா லைன் கெடைக்கக் கூடாதே.

யாராச்சும் ஏற்கெனவே வாங்கியிருந்தா கழட்டி டப்பாவுல போட்டு, படுக்குற எடத்துல இருந்து தள்ளி வைங்க, பில் இருந்தா பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977ல சொல்லுங்க. பில்லே தரலனா அதயும் சேத்துச் சொல்லுங்க.